லேபிள் சுரண்டிய குளிசைப் போத்தல்: வன்னியில் ஒரு பிரதேச சபை வேட்பாளரின் புரொஸ்டேட் புற்றுநோய் (நிகழ்வு ஆய்வு)

## முன்குறிப்பு

நோயாளரின் எழுத்துமூலச் சம்மதத்தோடு இந்த நிகழ்வு பதியப்படுகிறது. ஊர், கட்சி, வட்டாரம், குடும்பம் பற்றிய அடையாளங்கள் நீக்கப்பட்டோ மாற்றப்பட்டோ உள்ளன. எழுதுபவர் வன்னியில் ஒரு வைத்தியசாலையில் வேலை செய்யும் மருத்துவர். புற்றுநோய் நிபுணர் அல்ல. நிபுணர்கள் எழுதிக் கொடுப்பதைத் தொடர்ந்து கவனிப்பதும், நடுச்சாமத்தில் ஏதும் பிசகினால் முதலில் பார்ப்பதும் எங்களைப் போன்றவர்கள்தான்.

## பின்னணி

நோயாளருக்கு வயது 67. கூட்டுறவுச் சங்க முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குளத்துக்குக் கீழே கொஞ்சம் வயல், கமக்காரர் அமைப்பில் பொறுப்பு, கோயில் நிர்வாகத்தில் ஒரு கதிரை. மனைவியும் அவரும்தான் வீட்டில். மகன் கனடாவில். 2018 பெப்ரவரி 10 தேர்தலில் பிரதேச சபை உறுப்பினரானார். அந்தச் சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அதே மாதம் நடக்கவிருந்த தேர்தல் தள்ளிப் போய், கடைசியில் 2025 மே 6 இல்தான் நடந்தது. நோய் வந்ததும், அது என்னவென்று தெரிந்ததும், சிகிச்சை தொடங்கியதும் எல்லாம் இந்த இடைவெளிக்குள்தான்.

2009 இல், போரின் கடைசி மாதங்களில், மாத்தளன் பக்கம் இருந்தபோது பட்ட செல் (எறிகணை) துண்டு ஒன்று இடுப்புக்கு மேலே, முள்ளந்தண்டை ஒட்டினாற்போல் இன்னும் இருக்கிறது. எடுக்கப் போனால் நரம்பில் கை பட்டுவிடும் என்று அப்போதே விட்டுவிட்டார்கள். வன்னியில் இப்படித் துண்டுகளோடு நடமாடுகிறவர்கள் ஏராளம். மழைக்கு முன் குத்தும், பாரம் தூக்கினால் வலிக்கும் என்று அதற்கென்றே ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். இந்த நிகழ்வில் அந்தத் துண்டு இரண்டு தடவை குறுக்கே வருகிறது.

இங்கே மார்பு எக்ஸ்றேயும் சாதாரண இரத்தப் பரிசோதனையும் செய்யலாம். புற்றுநோய்க்கு யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைக்குப் போக வேண்டும், அல்லது கொழும்புக்குப் பக்கத்திலுள்ள மகரகமைக்கு. தெல்லிப்பழைப் பிரிவு 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்த நிதிசேர் நடைபயணத்தால் எழுந்தது. அதற்கு முன் வடக்கின் பெரும்பாலான புற்றுநோயாளருக்கு மகரகமைதான் கதி. தெல்லிப்பழை வந்தது பெரிய ஆறுதல். ஆனாலும் முல்லைத்தீவின் உட்கிராமங்களிலிருந்து அங்கே போய்வர ஒரு முழுநாள் செலவாகும்.

## முதலில் கண்டது

2024 தொடக்கத்திலிருந்தே இரவில் நாலைந்து தரம் சலம் போக எழும்ப வேண்டியிருந்தது. சலம் நூல்போல் வந்தது, முடிந்த பிறகும் சொட்டியது. வயதுக்கு வருவதுதான் என்று விட்டுவிட்டார். நடு முதுகிலும் இடுப்பிலும் நோவு கூடியது. அதைச் செல் துண்டின் கணக்கில் எழுதினார். எண்ணெய் போட்டு உருவினார்கள், பாமசியில் நோக் குளிசை வாங்கினார்.

ஆகஸ்டில் ஒரு நாள் சலம் முற்றாக அடைபட்டு வந்தார். சலம் வடிக்கும் குழாயான கதீற்றர் போட்டோம். விரல் பரிசோதனையில், சலப்பைக்குக் கீழே இருக்கும் புரொஸ்டேட் சுரப்பி கல்லுப்போல் இறுகி மேடு பள்ளமாக இருந்தது. புரொஸ்டேட் நோயைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான பி.எஸ்.ஏ. 186, வழமைக்கு மிக அதிகம். சல அடைப்பும் கதீற்றரும் இந்த எண்ணைக் கொஞ்சம் கூட்டும். ஆனால் இவ்வளவுக்குக் கூட்டாது. சிறுநீரகம் சோர்வதைக் காட்டும் கிரியற்றினினும் ஏறியிருந்தது. அடுத்த மாதம் பயொப்சியில், புற்றின் கடுமையை அளக்கும் கிளீசன் 4+5, அதாவது 9. அந்த அளவுகோலின் உச்சம் 10. எலும்பு ஸ்கானில் இடுப்பெலும்பு, மூன்றாம் இடுப்பு முள்ளெலும்பு, விலா என்று பல இடங்கள் பிடித்திருந்தன.

நோவுக்குக் காரணம் துண்டு அல்ல. ஆனால் துண்டு இருந்ததால்தான் எட்டு மாதம் யாரும் வேறு காரணம் தேடவில்லை. முள்ளந்தண்டை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பதே வழமை. நரம்புக்குப் பக்கத்தில் இரும்புத் துண்டு இருக்கிறவரை அந்தக் காந்தத்துக்குள் விட முடியாது. சி.ரி. ஸ்கானோடு நிற்க வேண்டியதாயிற்று.

## சிகிச்சைத் தெரிவுகள்

புரொஸ்டேட் புற்று ஆண் ஹோர்மோனில் வளர்கிறது. அந்த ஹோர்மோனை நிறுத்தினால் சுருங்கும் என்பதை சார்ள்ஸ் ஹகின்ஸ் 1941 இல் காட்டினார். 1966 இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். எண்பது வருடம் கடந்தும் பரவிய நோய்க்கு அடித்தளம் அதுதான். நிறுத்துவதற்கு வழி இரண்டு: விதைகளை எடுத்துவிடும் சின்ன ஒப்பரேசன், அல்லது மூளையிலிருந்து விதைக்கு வரும் கட்டளையை முடக்கும் ஊசி.

வன்னியில் இருக்கும் ஒருவருக்கு ஒப்பரேசனில் நிறைய வசதி உண்டு. ஒரு தரத்தோடு சரி. ஊசிக்காக அலைய வேண்டியதில்லை. 2022 இல் நாடு மருந்துத் தட்டுப்பாட்டில் தவித்ததுபோல் இன்னொரு காலம் வந்தாலும் சிகிச்சை அறாது. இதை அவருக்கு விளக்கினோம். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, எனக்கு வயசு போட்டுது, அது பிரச்சினை இல்லை. வாட்டில கிடந்தா சனம் பாக்க வரும். என்ன ஒப்பரேசன் எண்டு கேக்கும். நான் என்ன சொல்லுறது?"

ஊசியைத் தெரிந்தெடுத்தார். ஊசி தொடங்கிய முதல் வாரங்களில் ஹோர்மோன் இறங்குமுன் ஒரு தடவை ஏறும். முள்ளந்தண்டில் புற்று இருக்கிற ஒருவருக்கு அந்த ஏற்றத்தில் கால் விளங்காமல் போகவும் கூடும். அதனால் முதலில் ஆண் ஹோர்மோனைத் தடுக்கும் பைக்கலுற்றமைட் 50 மில்லிகிராம் குளிசை கொடுத்து, அதன் பாதுகாப்பில் ஒக்ரோபரில் கோசரலின் ஊசி தொடங்கப்பட்டது. 12 கிழமைக்கு ஒருமுறை 10.8 மில்லிகிராம், வயிற்றுத் தோலுக்குக் கீழே.

அடுத்தது: ஊசியோடு வேறென்ன சேர்ப்பது? டோசிராக்செல் என்ற கீமோ ஒரு வழி. அவர் கேட்டது ஒரே கேள்வி, மயிர் கொட்டுமா என்று. கொட்டும் என்றதும் வேண்டாம் என்றார். மற்றது அபிராற்றரோன் குளிசை. 250 மில்லிகிராம் குளிசை நான்கு, காலையில் வெறும் வயிற்றில், கூடவே பிரெட்னிசலோன் 5 மில்லிகிராம். மகன் காசு அனுப்ப, டிசம்பரில் இது தொடங்கியது.

நிபுணரின் தெரிவில் பிழை சொல்ல ஏதுமில்லை. ஆனால் நோயாளர் ஒவ்வொரு சிகிச்சையையும் நிறுத்த தராசு வேறு. எது நல்லாக வேலை செய்யும் என்பதைவிட எது வெளியே தெரியாது என்பதே அவருக்குப் பெரிது. ஊசியையும் எங்கள் கிளினிக்கில் போட விரும்பவில்லை. இங்கே மருந்து கொடுக்கும் பிள்ளை மச்சாளின் மகள். யாழ்ப்பாணத்தில் தனியார் இடத்தில் போட்டுக்கொண்டார். வீட்டில் மனைவிக்கும் தூரத்தில் மகனுக்கும் மட்டுமே நோயின் பெயர் தெரியும்.

## பக்கவிளைவுகளும் ஊர்ப் பேச்சும்

மருந்து வேலை செய்தது. ஜனவரியில் பி.எஸ்.ஏ. 4 க்கு வந்தது. நோக் குளிசை தேவைப்படாமல் போயிற்று. வேறு சில மாற்றங்கள் வந்தன. அவற்றை அவரைவிட ஊர்தான் முதலில் கண்டது.

கூட்டங்களில் திடீரென்று முகம் சிவந்து வியர்த்து ஊற்றும். ஒரு நாளில் பல தரம். மாதவிடாய் நிற்கும் வயதுப் பெண்களுக்கு வருகிற அதே வெக்கை, காரணமும் ஏறக்குறைய அதேதான். பார்த்தவர்கள் நெஞ்சு வருத்தம் என்றார்கள், பழகிவிட்டார் என்றும் சொன்னார்கள். குடிப்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள். அவர் வாழ்நாளில் குடித்தவரல்ல. தசை கரைந்தது. மோட்டார் சைக்கிளை உதைத்து எடுக்க முடியாமல் பக்கத்து வீட்டுப் பெடியனைக் கூப்பிட வேண்டியிருந்தது. மார்பு கொஞ்சம் வீங்கியதால் சால்வையை விரித்துப் போடத் தொடங்கினார். கமக்காரர் கூட்டத்தில் வாய்க்கால் துப்புரவு பற்றிப் பேசும்போது காரணமில்லாமல் அழுதுவிட்டார். எல்லாவற்றையும்விட அவரை வாட்டியது மறதி. வாக்குக் கேட்டுப் போகிற இடத்தில் வீட்டுக்காரரின் பெயர் வராவிட்டால், வேறு என்ன சொல்லி என்ன.

இதற்கிடையில் முகமும் உடம்பும் உப்பின. ஹோர்மோன் குறைந்தால் கொழுப்பு ஏறும், அபிராற்றரோன் உடம்பில் நீரைத் தேக்கும். ஊர் இதைப் பார்த்து, "ஆள் நல்லாத் தேறிட்டார்" என்றது. மருந்தின் பக்கவிளைவைச் சுகத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள்.

2025 மார்ச்சில் வேட்புமனு. கட்சி அவரைத் தவிசாளர் வேட்பாளராகவே முன்னிறுத்தியது. அந்த மாதம் பிரஷர் பார்க்க வந்தவர் சிரித்துக்கொண்டு சொன்னது: "சொத்து விபரம் எல்லாம் எழுதிக் குடுத்தன் தம்பி. வருத்தம் என்ன எண்டு ஆரும் கேக்கேல்லை." உண்மைதான். இலங்கையில் வேட்பாளரின் உடல்நிலையை வெளியிடச் சொல்லும் விதி எதுவும் இல்லை.

## ஏப்ரலில் நடந்தது

சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு, பிரசாரம் சூடுபிடித்திருந்த நேரம். மத்தியான வெயிலில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தவர் ஒரு வேலிப் படலையடியில் கால் மடிந்து விழுந்தார். மயக்கம் இல்லை, எழும்ப முடியவில்லை. ஓட்டோவில் கொண்டுவந்தார்கள். வாட்டில் எடுத்தபோது பிரஷர் 190/110. இரண்டு காலும் தூக்க முடியாத பலவீனம்.

வந்தவர்கள் கட்சிக்காரர்கள். நோயாளர் அவர்கள் முன்னால், "எனக்கு பிரஷர் மட்டும்தான்" என்றார். அன்றைய கடமையில் இருந்த இளம் மருத்துவருக்கு அவருடைய வரலாறு தெரியாது. வெயில், களைப்பு, பிரஷர் என்று எழுதி சேலைன் ஏற்றத் தொடங்கினார்கள். மனைவி வந்து, ஆட்களை வெளியே அனுப்பச் சொல்லிவிட்டு, சீலைத் தலைப்பில் சுற்றி வைத்திருந்த போத்தலை எடுத்து நீட்டினார். வெள்ளைப் பிளாஸ்ரிக் போத்தல். லேபிளை பிளேட்டால் சுரண்டி எடுத்திருந்தார்கள், ஒட்டுப்பசை மட்டும் ஊத்தையாகப் படிந்திருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் வாசித்துவிடுவார்கள் என்று அவரே செய்தது. "காலமை வெறும் வயித்தில நாலு" என்பது மட்டும் அம்மாவுக்கு நினைவிருந்தது. அந்த நாலும் வெறும் வயிறும்தான் என்ன மருந்து என்று எங்களுக்குச் சொன்னது.

கால் பலவீனத்துக்கு இரண்டு காரணம் இருக்கக்கூடும். ஒன்று, முள்ளெலும்பிலுள்ள புற்று நரம்பை நெரிப்பது. அப்படியானால் மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டும், தாமதித்தால் நிரந்தரமாகவே நடக்க முடியாமல் போகலாம். மற்றது, தசை இயங்கத் தேவையான பொட்டாசியம் இரத்தத்தில் குறைவது. எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாது, துண்டு இருக்கிறது. கையாலேயே பார்த்தோம். தொடுஉணர்வு எங்கேயும் குறையவில்லை. சலமும் மலமும் கட்டுப்பாட்டில் இருந்தன. தோள் தசைகளிலும் பலவீனம் இருந்தது. இடுப்பில் நரம்பு நெரிபட்டால் தோள் ஏன் சோர வேண்டும்? ஈ.சி.ஜி.யில் பொட்டாசியம் குறைந்ததற்கான அலைகள் தெரிந்தன. இரத்த முடிவு வந்தபோது 2.6. குறைந்தது 3.5 இருந்திருக்க வேண்டும்.

ஏன் இப்படி? அபிராற்றரோன் ஆண் ஹோர்மோன் உருவாகும் பாதையை அடைக்கும்போது, அதே பாதையிலுள்ள கோட்டிசோலையும் சேர்த்து அடைக்கிறது. கோட்டிசோல் குறைந்ததைக் கண்ட மூளை, அட்ரீனல் சுரப்பியை இன்னும் சுரக்கச் சொல்லி விரட்டும். கோட்டிசோல் வழி அடைபட்டிருப்பதால் அந்த விரட்டல் எல்லாம் உப்பைத் தேக்கி பொட்டாசியத்தைக் கழிக்கும் ஹோர்மோன்களாக வெளிவரும். பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பிரெட்னிசலோன் கொடுப்பது மூளையை அடங்கியிருக்கச் செய்வதற்குத்தான். அது மேலதிக மருந்து அல்ல, மற்றதின் பாதி.

அந்தப் பாதியைத்தான் அவர் நிறுத்தியிருந்தார். முகம் உப்பியதற்கு பிரெட்னிசலோன் காரணம், அது ஸ்ரீரொயிட், சீனி வருத்தம் வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்ன வருத்தத்துக்குக் குடிக்கிறீர்கள் என்று அவர்கள் கேட்டிருந்தால் பதில் சொல்ல வேண்டி வரும். ஆகவே எவரிடமும் விசாரிக்காமல், மார்ச் கடைசியில் தானாகவே விட்டுவிட்டார். ஏப்ரல் தொடக்கத்தில் போட்டிருக்க வேண்டிய ஊசியையும் பிரசாரத்துக்காகத் தள்ளிப்போட்டிருந்தார். இரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஆண் ஹோர்மோனான டெஸ்ரொஸ்ரெரோன் இன்னும் கீழேயே நின்றது. அபிராற்றரோன் அந்தக் குறையைத் தாங்கியிருக்கிறது.

அபிராற்றரோனை இடைநிறுத்தினோம், பிரெட்னிசலோனை மீண்டும் தொடங்கினோம். ஈ.சி.ஜி. பார்த்தபடி பொட்டாசியத்தை மெதுவாக ஏற்றினோம். பொட்டாசியத்தைக் காக்க வழமையாகக் கைக்கு வரும் குளிசை ஸ்பைரனோலக்ரோன். இந்த நோயாளருக்கு அதைத் தவிர்த்தோம், அது புரொஸ்டேட் புற்றைத் தூண்டக்கூடும். மூன்றாம் நாள் ஊன்றுகோல் இல்லாமல் கழிவறைக்கு நடந்தார். அந்த நடையே நரம்பு நெரிபடவில்லை என்பதை உறுதி செய்தது. தள்ளிப்போன ஊசியையும் வாட்டிலேயே போட்டோம்.

## கடிதம் கேட்டவர்கள்

மூன்றாம் நாள் பின்னேரம் கட்சி அமைப்பாளர் வந்தார். நோயாளரும் சம்மதம்தான் என்று தலையாட்டினார். "டொக்டர், ஒரு வைரஸ் காய்ச்சல் எண்டு எழுதித் தாங்கோ. பேப்பருக்குக் குடுக்க வேணும்."

எழுதவில்லை. சிகிச்சை பெறுகிறார், இத்தனை நாள் ஓய்வு தேவை என்று எழுதலாம், நோயின் பெயர் வேண்டியதில்லை என்றோம். நோயாளர் தன் நோயைச் சொல்லாமல் இருப்பது அவர் உரிமை. அந்த உரிமையைக் காக்க எங்கள் வாயை மூடிக்கொள்ளலாம். பொய்யொன்றில் கையெழுத்திட முடியாது. மற்றக் கட்சிக்காரர் ஒருவரும் அதே கிழமை வேறு வழியால் விசாரித்தார். அவருக்கும் எதுவும் சொல்லவில்லை. இருவருக்கும் கோபம்.

பெயரில்லாத அந்தக் கடிதத்தை அமைப்பாளர் வாங்கிப் போனார். "களைப்பு" என்று ஊருக்குள் சொன்னார்கள். மே 6 இல் நோயாளர் தன் வட்டாரத்தில் வென்றார்.

## சொல்வதா, விடுவதா

தேர்தல் முடிந்து சபையின் முதற் கூட்டத்துக்கு முன் சில கிழமை இருந்தது. தவிசாளர் தெரிவு அங்கேதான். அந்த இடைவெளியில், போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18 வந்தது. அவர் முள்ளிவாய்க்காலுக்குப் போய் விளக்கேற்றிவிட்டு வந்தார். அடுத்த நாள் செய்தி: அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ஜோ பைடனுக்கு எலும்புக்குப் பரவிய புரொஸ்டேட் புற்று, கிளீசன் 9. கடைசியாக அவருக்கு பி.எஸ்.ஏ. பார்த்தது 2014 இல் என்று அவருடைய தரப்பு சொன்னது. எழுபது தாண்டியவர்களுக்கு வழமையாக இந்தப் பரிசோதனை வேண்டாம் என்பதே அங்குள்ள பரிந்துரை. ஆகவே அது நடக்கக்கூடாத ஒன்றல்ல. ஆனாலும் பதவியில் இருந்தபோதே தெரிந்ததா, மறைத்தார்களா என்ற கேள்வி உடனே எழுந்தது.

கிளினிக்குக்கு வந்தவர் பேப்பரை மேசையில் வைத்தார். "அவருக்கும் ஒம்பதாம்."

அன்று வரிசையில் ஆட்கள் குறைவு. கொஞ்ச நேரம் பேச முடிந்தது. நான் அவருக்கு இரண்டு பேரைச் சொன்னேன். பிரான்சின் பிரான்சுவா மித்தெரோன் 1981 இல் ஜனாதிபதியானபோது தன் உடல்நிலை அறிக்கைகளை ஒழுங்காக வெளியிடுவேன் என்றார். அதே வருடக் கடைசியில் எலும்புக்குப் பரவிய இதே புற்று கண்டுபிடிக்கப்பட்டது. அறிக்கைகள் தொடர்ந்து வந்தன, நோயைத் தவிர மற்றெல்லாம் அவற்றில் இருந்தன. மக்களுக்குத் தெரிந்தது 1992 இல். மற்றவர் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளர் லொயிட் ஒஸ்ரின். 2023 டிசம்பரில் ஆரம்பநிலைப் புற்றுக்கு ஒப்பரேசன், 2024 ஜனவரி 1 அன்று சிக்கலாகி அவசரமாக அனுமதி. அதிகாரம் பிரதிச் செயலாளருக்குக் கைமாறியது, ஏன் என்று அந்தப் பிரதிச் செயலாளருக்கே அப்போது தெரியாது. ஜனாதிபதிக்குக்கூட நாட்கள் கழித்துத்தான் சொன்னார்கள். பெப்ரவரியில் ஒஸ்ரின் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

இவர்களில் ஒஸ்ரினுடைய நோய் இலேசானது, பிழைப்பதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் அதை மறைத்ததுதான் அவரை மாட்டிவிட்டது. என் பார்வையில் பொதுமக்களுக்குத் தெரிய வேண்டியது கட்டியின் அளவு அல்ல. வேலையைச் செய்யக்கூடிய நிலையில் இருக்கிறாரா, இல்லாத நாட்களில் கையெழுத்து யாருடையது என்பதுதான். இதைச் சொன்னபோது அவர் குறுக்கிட்டு, "எம்.ஜி.ஆர். அமெரிக்காவில படுத்துக்கொண்டே வெண்டவர்" என்றார். வென்றார்தான், 1984 இல். 2016 இல் ஜெயலலிதா 75 நாள் மருத்துவமனையில் இருந்து இறந்த பிறகு விசாரணை ஆணையம் வைக்க வேண்டி வந்ததையும் ஞாபகப்படுத்தினேன். ஒன்றும் தெரியாத இடத்தில் சனம் தன்பாட்டுக்குக் கதை கட்டும்.

பிறகு அவரே கேட்டார், எத்தனை காலம் என்று. அபிராற்றரோனை ஊசியோடு தொடக்கத்திலேயே சேர்த்துக் கொடுத்த ஒரு பெரிய ஆய்வில், இவரைப்போல் கடும் நிலையில் இருந்தவர்களில் பாதிப்பேர் 53 மாதம் தாண்டி இருந்தார்கள். ஊசி மட்டும் பெற்றவர்களில் அது 36 மாதம். தொடங்கியது டிசம்பரில் என்பதால் கழிக்க வேண்டியதைக் கழித்து அவர் விரலால் எண்ணினார். சபையின் காலம் நான்கு வருடம், 48 மாதம். ஏறக்குறைய ஒரே நீளம். இது சராசரிக் கணக்கு, உங்களுக்கென்று எழுதியதல்ல என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தாலும் முகம் வேறெங்கோ இருந்தது.

மனைவியோடும் மகனோடும் பேசிவிட்டு, மே கடைசியில் கட்சியின் வென்ற உறுப்பினர்களைத் தன் வீட்டுக்கு அழைத்தார். நோயின் பெயரைச் சொன்னார். ஏப்ரலில் விழுந்தது ஏன் என்றும் சொன்னார். தவிசாளராக வரவில்லை, உறுப்பினராக இருக்கிறேன் என்றார். கமக்காரர் கூட்டத்தில் அதையே சுருக்கமாகச் சொன்னார், அழவில்லை.

## பின்னர் நடந்தவை

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத முடியாது. சிலர் வீட்டுக்கு வந்து கையைப் பிடித்தார்கள். மற்றத் தரப்பு, வாக்குக் கேட்கும்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டது. அது நியாயமான கேள்வி. சுவரொட்டியில் தவிசாளர் வேட்பாளர் என்று படம் போட்டுத்தான் வாக்குக் கேட்டார்கள். வட்டாரத்தில் அவருக்காக நின்ற ஒரு இளைஞன் இன்னும் முகம் கொடுப்பதில்லை. யாரோ அவருடைய வைத்தியசாலைப் பதிவுகளைத் தகவல் அறியும் உரிமையின் கீழ் கேட்டு விண்ணப்பித்தார்கள். 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5 ஆம் பிரிவு, சம்பந்தப்பட்டவர் எழுத்தில் சம்மதித்தாலன்றி மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க அனுமதிப்பதில்லை. விண்ணப்பம் மறுக்கப்பட்டது.

மருத்துவப் பக்கம் நிறைய இலகுவாயிற்று. ஊசியை இப்போது எங்கள் கிளினிக்கிலேயே போடுகிறார். மச்சாளின் மகள்தான் திகதியை ஞாபகப்படுத்துகிறார். அபிராற்றரோனும் பிரெட்னிசலோனும் ஒரே பையில் வருகின்றன. மாதம் ஒருமுறை பிரஷரும் பொட்டாசியமும் ஈரலும் பார்க்கிறோம். எலும்பு தேயாமலிருக்க கல்சியமும் விற்றமின் டி.யும் தொடங்கினோம். தினமும் காலையில் குளக்கட்டில் நடக்கிறார், வீட்டில் கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பும் பயிற்சி செய்கிறார். பெயர்களுக்கு ஒரு சிறு கொப்பி. வெக்கை நிற்கவில்லை. சபை மண்டபத்தில் மின்விசிறிக்குக் கீழே அவருக்கு ஒரு கதிரை ஒதுக்கியிருக்கிறார்கள், கேலியும் உண்டு. கடைசியாகப் பார்த்த பி.எஸ்.ஏ. 0.4.

அவருடைய பேச்சைக் கேட்டு அதே வயதுக்காரர் பலர் பி.எஸ்.ஏ. பார்க்க வந்தார்கள். எல்லோருக்கும் பார்க்கவில்லை. சல அறிகுறி இருந்தவர்களையும் எலும்பு நோவு இருந்தவர்களையும் முதலில் எடுத்தோம். மற்றவர்களுக்கு, எண் கொஞ்சம் ஏறினால் அடுத்து என்னென்ன வரும் என்பதை விளக்கிவிட்டு முடிவை அவர்களிடமே விட்டோம். செல் துண்டோடு இருப்பவர்களின் முதுகு நோவை இப்போது இரண்டாம் தரம் பார்க்கிறோம்.

## மாற்றியவை

ஹோர்மோன் சிகிச்சை தொடங்கும் ஒவ்வொருவரிடமும் முதல் நாளே, உங்கள் வருத்தம் யாருக்கெல்லாம் தெரியும், யாருக்குத் தெரியக்கூடாது என்று கேட்கிறோம். பதில் கொப்பியில் எழுதப்படுகிறது. மறைக்க வேண்டும் என்றால் மறைக்கலாம். ஆனால் அப்படி மறைப்பவர் பேர்சில் ஒரு அட்டை இருக்க வேண்டும்: மருந்தின் பெயர், அளவு, நிறுத்தக்கூடாதது எது, எங்கள் தொலைபேசி. நோயின் பெயர் வேண்டியதில்லை, மருந்தின் பெயரே மருத்துவருக்குப் போதும். லேபிளைச் சுரண்ட நினைப்பவருக்கு வேறு போத்தலில் மாற்றி, மருந்தின் பெயரைக் குறியீடாக எழுதிக் கொடுக்கிறோம். பாமசிக்காரருக்கு இது பிடிக்கவில்லை. இன்னும் வாக்குவாதம் நடக்கிறது.

ஒப்பரேசனை இனி வேறு விதமாகச் சொல்கிறோம். முன்பு அதன் வசதிகளை மட்டும் சொல்லி வந்தோம். இப்போது பார்க்க வருகிறவர்களுக்கு என்ன சொல்லலாம் என்பதையும் சேர்த்துப் பேசுகிறோம். அப்படிப் பேசத் தொடங்கிய பிறகு, தூரத்திலிருந்து வருகிற சிலர் ஒப்பரேசனைத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள்.

பொதுப் பதவியில் இருப்பவர்களுக்கென்று ஒரு ஏற்பாடு. இந்த நோயாளரே கேட்டு எழுதியது. அவர் வேலை செய்யக்கூடிய நிலையில் இருக்கிறாரா இல்லையா என்று சபைச் செயலாளர் எழுத்தில் கேட்டால், ஆம் அல்லது இல்லை என்று மட்டும் பதில் தர எங்களுக்கு அவர் அனுமதி தந்திருக்கிறார். காரணம், எண்கள், மருந்து எதுவும் இல்லை. மனைவிக்கு எல்லாம் சொல்லலாம். மருந்து பிடிக்காமல் போகும் கட்டம் வந்தால், அப்போது யாருக்குச் சொல்வது என்பதை அவரே திரும்ப எழுதித் தருவார். இதுவரை செயலாளர் ஒரு தரம் கேட்டிருக்கிறார், வரவுசெலவுத் திட்டக் கூட்டத்துக்கு முன். ஆம் என்று பதில் அனுப்பினோம்.